லென்ஸின் புகழும் ஒளியின் கணக்கும்

ஒளிப்படக் கலையில் ஆர்வம் உடைய இருவர் ஓரிடத்தில் கூடினால், எடுத்த படங்களைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் லென்ஸைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும். ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த லென்ஸைக் கையில் ஏந்தி, "இதில் இருக்கும் உயிர் இன்றைய லென்ஸில் இல்லை" என்பார். மற்றவர் அண்மையில் சந்தைக்கு வந்த லென்ஸின் பெயரைச் சொல்லி, "இதன் கூர்மைக்கு முன் பழையதெல்லாம் நிற்குமா?" என்பார். இருவரும் தத்தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டுபவை பெரும்பாலும் பிறர் எழுதிய அல்லது பேசிய மதிப்புரைகளே.

அம்மதிப்புரைகளை ஒருமுறை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஏனாத்தூரில் உள்ள கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களுள் தறி நெய்யும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. திருமணப் படம் எடுத்துத் தொழில் தொடங்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை. வீட்டில் நெய்த சேலையைப் படமெடுத்து வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும் என்று இன்னொருவருக்குத் தேவை. ஒரு லென்ஸின் விலை இலட்சத்தைத் தாண்டக்கூடிய இக்காலத்தில், அதைப் பற்றிய புகழுரையில் எவ்வளவு இயற்பியல், எவ்வளவு ரசனை, எவ்வளவு வியாபாரம் என்று பிரித்தறியத் தெரியாதவர் கடன்பட்டு ஏமாற நேரிடும்.

பழைய லென்ஸின் 'உயிர்'

பழைய லென்ஸ்களின் ரசிகர்கள் வழங்கும் சொற்கள் சில: 'ஒளிர்வு', 'மென்மை', 'முப்பரிமாணத் தோற்றம்', 'உயிர்'. இவை முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இவற்றுள் சிலவற்றிற்கு இயற்பியலில் தெளிவான பெயர்கள் உள்ளன.

கோளப் பரப்புடைய லென்ஸின் நடுவே செல்லும் கதிர்களும் விளிம்பில் செல்லும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இதுவே கோளப் பிறழ்ச்சி. இதனால் கூர்மையான ஓர் உருவத்தின் மேல் மங்கலான இன்னோர் உருவம் படிந்தாற்போல் படம் அமைகிறது. விளக்கொளியையும் வெண்ணிற ஆடையையும் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தோன்றும். ரசிகர்கள் 'ஒளிர்வு' என்று மகிழ்வது பெரும்பாலும் இதைத்தான். இப்பிறழ்ச்சியால் விளையும் மங்கல் லென்ஸ் துளையின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. எனவே துளையை எஃப்/2 என்ற நிலையிலிருந்து எஃப்/4 என்ற நிலைக்குக் குறைத்தால், விட்டம் பாதியாகி, மங்கல் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். 'உயிர்' என்று சொல்லப்பட்டது துளையைச் சற்றுச் சுருக்கியதும் மறைந்துவிடுமானால், அது எங்கே குடியிருந்தது என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியாஸ்-44 என்னும் லென்ஸ் இன்றும் தேடி வாங்கப்படுகிறது. ஜெர்மானிய பயோட்டார் லென்ஸின் அமைப்பைப் பின்பற்றிய இதில், பின்னணியில் உள்ள இலைகள் சுழல்வது போலத் தெரியும். லென்ஸின் உலோகக் குழல் ஓரத்துக் கதிர்களின் ஒரு பகுதியை வெட்டிவிடுவதால், வட்டமாக இருக்க வேண்டிய மங்கல் புள்ளிகள் இரு முனையும் கூர்ந்த கண் வடிவம் பெற்று, நடுப்புள்ளியைச் சுற்றி வரிசை கட்டி நிற்கின்றன. சுழற்சியின் இரகசியத்தில் பெரும்பங்கு இதுவே. அழகாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. அது ரசனை. அதையே லென்ஸின் மேன்மை என்று மதிப்புரை சொல்லும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய லென்ஸ்கள் ஒளியை எப்படி இழந்தன என்பதும் அறியத்தக்கது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி எதிரொளித்துத் திரும்பிவிடும். பால் ருடால்ஃப் 1896-இல் வடிவமைத்த பிளானார் லென்ஸில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் 8. ஒவ்வொன்றிலும் 0.96 பங்கு ஒளியே உட்செல்லுமானால், எட்டையும் கடந்து வருவது 0.72 பங்குதான். இழந்த ஒளியில் ஒரு பகுதி பரப்புகளுக்கிடையே முட்டி மோதி, கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களையும் வெளிறச் செய்யும். அவரே 1902-இல் உருவாக்கிய டெஸ்ஸாரில் பரப்புகள் 6 மட்டுமே; கடந்து வருவது 0.78 பங்கு. திருத்தத்தில் சிறந்த பிளானார் பல்லாண்டு பின்தங்கி நிற்க, எளிய டெஸ்ஸார் உலகெங்கும் பரவியதற்கு இக்கணக்கு ஒரு முக்கிய காரணம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காலத்தால் மங்கல் படிந்த லென்ஸ் ஒன்று புதிய லென்ஸைக் காட்டிலும் அதிக ஒளியை உள்ளே விடுவதை ஆங்கிலேயரான டென்னிஸ் டெய்லர் 1890-களில் கண்டறிந்தார். படிந்திருந்த மெல்லிய படலம் எதிரொளிப்பைக் குறைத்ததே காரணம். 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடத்தில் அத்தகைய படலத்தைச் செயற்கையாகப் பூசும் முறையைக் கண்டார். அதன்பின் பிளானார் மறுபிறவி எடுத்தது. இன்றைய பூச்சுகளில் ஒரு பரப்பின் இழப்பு அரை விழுக்காடு என்று கொண்டாலும், 8 பரப்புகளைக் கடந்து 0.96 பங்கு ஒளி வந்து சேரும். முற்காலத்தில் ஒரே ஒரு பரப்பு இழந்த ஒளியை இன்று எட்டும் சேர்ந்து இழக்கின்றன.

பழையது வாங்குவோருக்கு மதிப்புரைகள் அழுத்திச் சொல்லாத இரண்டு செய்திகள். முதலாவது, பூசணம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் கண்ணாடி மேல் வளரும் பூசணம் அமிலம் சுரந்து பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் வடு போகாது. லென்ஸின் ஒருபுறம் டார்ச் விளக்கைப் பிடித்து மறுபுறமிருந்து பார்த்த பின்பே பணத்தை எண்ணுங்கள். இரண்டாவது, தோரியம். ஒளிவிலகல் எண்ணை உயர்த்துவதற்காகச் சில பழைய லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். அசாகி நிறுவனத்தின் 50 மி.மீ. டாக்குமார் வகைகளில் சில இதற்குச் சான்று. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பதும் இதே தோரியம்தான். அதன் கதிர்வீச்சு நாளடைவில் கண்ணாடியைத் தேநீர் நிறமாக்கிவிடும். படத்தில் தெரியும் அந்த மஞ்சள் சாயலைப் 'பழமையின் இதமான வண்ணம்' என்று புகழ்ந்தால், புகழ் சேர வேண்டியது லென்ஸ் செய்தவருக்கா, தோரியத்துக்கா?

புதிய லென்ஸின் எண்கள்

புதுமையின் ரசிகர்கள் 'உயிர்' என்று பேசுவதில்லை, எண்களில் பேசுகிறார்கள். எண் என்றால் அறிவியல் என்று நாம் நம்பிவிடுகிறோம். எண்ணையும் கேள்வி கேட்க வேண்டும்.

எவ்வளவு குறையற்ற லென்ஸானாலும் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக அமைவதில்லை. ஒளி அலையாதலால், துளையின் ஓரத்தில் விளிம்பு விளைவு ஏற்பட்டு, பிம்பம் ஒரு சிறு வட்டத் தட்டாக விரிகிறது. அதன் விட்டம் 2.44 × அலைநீளம் × துளை எண். பச்சை ஒளியின் அலைநீளத்தை 0.55 மைக்ரான் என்று கொண்டால், எஃப்/2-இல் இவ்விட்டம் 2.7 மைக்ரான்; எஃப்/8-இல் 10.7 மைக்ரான், எஃப்/16-இல் 21.5 மைக்ரான்.

இனி காமிராவின் ஒளி உணரியைப் பாருங்கள். 36 மி.மீ. அகலத்தில் 6000 பிக்சல்கள் உள்ள, 24 மெகாபிக்சல் காமிராவில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். 108 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்பட்ட கைப்பேசி உணரிகளில் ஒரு பிக்சலின் அகலம் 0.8 மைக்ரான் அளவே. எஃப்/1.8 துளையுள்ள கைப்பேசி லென்ஸில் ஒளித்தட்டின் விட்டம் சுமார் 2.4 மைக்ரான். அதாவது ஒரு புள்ளியின் பிம்பமே மூன்று பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அகல வரப்பு போட்ட வயலைக் காகிதத்தில் எத்தனை கட்டமாகப் பிரித்தாலும் விளைச்சல் கூடாது. இத்தகைய உணரிகள் வழக்கமாக அண்டைப் பிக்சல்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்தே படம் தருகின்றன என்பதை விளம்பரத்தின் பெரிய எழுத்துகளில் காண முடியாது.

இதற்காகப் புதியதை இகழ வேண்டியதில்லை. திருமண மண்டபத்தின் மங்கிய ஒளியில் துளை பெரிதாகத் திறக்கும் நல்ல லென்ஸும், குறைந்த ஒளியிலும் இரைச்சல் காட்டாத உணரியும் உண்மையான உதவிகள். ஆனால் அதே லென்ஸை வெயிலில் எஃப்/8-இல் வைத்துப் படம் எடுப்பவர், பெருந்துளைக்காகத் தான் கொடுத்த கூடுதல் பணத்தைப் பயன்படுத்தவில்லை. அந்த நிலையில் சாதாரண லென்ஸுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை அச்சிட்ட படத்தில் கண்டுபிடிப்பது கடினம்.

பட்டுச் சேலை வைக்கும் தேர்வு

நம் காஞ்சிப் பட்டைப் போல் ஒரு காமிராவைச் சோதிக்கும் பொருள் அரிது. ஆய்வுக்கூட அட்டையை விட்டுவிட்டு ஒரு சேலையை விரித்து வைத்துப் பாருங்கள்.

இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால், எந்த வலையிலும் இல்லாத பெரிய அலைக்கோடுகள் தோன்றும். இதை மாய்ரே கோலம் என்பர். நெசவின் இழை வரிசை ஒரு வலை. உணரியின் பிக்சல் வரிசை இன்னொரு வலை. அடுத்தடுத்த இழைகளின் பிம்பங்களுக்கு இடையே இரண்டு பிக்சலுக்குக் குறைவான இடைவெளி அமைந்தால், சேலையில் இல்லாத பட்டைகள் படத்தில் முளைக்கும். பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மாறி மாறி இருப்பதால், அப்பட்டைகள் பொய்யான வண்ணங்களையும் பூசிக்கொள்ளும். ஒரே நிறத்து உடலில் வானவில் கோடுகளைக் கண்ட வாடிக்கையாளர் நெசவுப் பிழை என்று எண்ணினால், இழப்பு நெசவாளருக்கு.

இக்குறையைத் தடுக்கவே உணரியின் முன் படத்தைச் சற்றே மழுக்கும் ஒரு வடிகட்டியை வைத்தார்கள். கூர்மைப் போட்டியில் அதுவே குறையாகக் கருதப்பட்டது. 2012-இல் நிக்கான் நிறுவனம் டி800, டி800இ என்ற இரு காமிராக்களை வெளியிட்டது. இரண்டாவதில் அவ்வடிகட்டியின் செயல் நீக்கப்பட்டிருந்தது. அதற்கு விலையும் கூடுதல். மலைக்காட்சி எடுப்பவருக்கு அது ஆதாயம். பட்டு விற்பவருக்கோ அதிகப் பணம் கொடுத்துத் தொல்லையை வாங்கியது போல. இங்கே மென்மையான பழைய லென்ஸ், தன் குறையினாலேயே வடிகட்டியின் வேலையைச் செய்து, புதியதை வென்றுவிடக்கூடும்! பழைய லென்ஸ் இல்லாதவர் ஓர் அடி முன்னேயோ பின்னேயோ நகரலாம்; அல்லது துளையை எஃப்/16-க்குச் சுருக்கி, விளிம்பு விளைவையே வடிகட்டியாக்கிக் கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் செலவு இல்லை. 'கூர்மையானது நல்லது' என்ற ஒற்றை அளவுகோலை வைத்து எழுதும் மதிப்புரை இங்கே தோற்றுவிடுகிறது.

மயில்கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். இழை ஒவ்வொன்றும் நுண்ணிய உருளை போன்றதால், ஒளி வரும் திசைக்கும் இழை கிடக்கும் திசைக்கும் ஏற்ப ஒரு முறை பாவின் நிறமும் ஒரு முறை ஊடையின் நிறமும் மேலோங்கும். இரண்டையும் ஒரே படத்தில் காட்ட வல்ல லென்ஸ் உலகில் இல்லை. துணியை மடித்து அலைபோல விட்டால், பத்து ரூபாய் செலவின்றி இரண்டும் தெரியும். கடைக்காரர் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மடித்து ஆட்டிக் காட்டுவது இதற்காகத்தான். ஒளியியல் பாடம் அவருக்குக் கைவந்த கலை.

ஜரிகை இன்னொரு பாடம் சொல்லும். பட்டு இழையின் மேற்பரப்பில் சுமார் 57 பாகைப் படுகோணத்தில் எதிரொளிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். ஆகவே லென்ஸின் முன் போலராய்டு வடிகட்டியைச் சுழற்றி அப்பளபளப்பைக் குறைத்து, நிறத்தைத் துலக்கலாம். உலோகத்தின் எதிரொளிப்பு அவ்வாறு ஒரு தளத்துக்கு அடங்குவதில்லை. ஜரிகையின் மின்னல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். 'எல்லாப் பளபளப்பையும் நீக்கும்' என்று வடிகட்டியைப் புகழ்ந்தால், ஒரு முழ ஜரிகைக் கரை அதைப் பொய்யாக்கிவிடும்.

லென்ஸா, நிற்கும் இடமா?

மதிப்புரைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் இன்னொரு கூற்று: '85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாக்கும். அகலக் கோண லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும்.' இதைக் கணக்கால் சோதிப்போம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடைத்தூரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து 40 செ.மீ. தொலைவில் காமிரா இருந்தால், காது 50 செ.மீ. தொலைவில் இருக்கும். 50-ஐ 40-ஆல் வகுக்க 1.25. காதோடு ஒப்பிட மூக்கு 25 விழுக்காடு பெரிதாகத் தெரியும். 2 மீட்டர் தள்ளி நின்றால் 210-ஐ 200-ஆல் வகுக்க 1.05, வேறுபாடு 5 விழுக்காடே. இக்கணக்கில் லென்ஸின் குவியத் தூரம் எங்கேனும் வந்ததா? இல்லை. தூரம் மட்டுமே வந்தது. 85 மி.மீ. லென்ஸ் செய்த நன்மை, எடுப்பவரைத் தள்ளி நிற்கச் செய்ததுதான். கைப்பேசியுடன் 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்துத் தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டால், முகத்தின் அமைப்பு அதே விகிதத்தில் இருக்கும். நுணுக்கம் மட்டும் குறையும்.

நிற்கும் இடத்தின் அருமையை 1858-இலேயே நம் மண்ணில் ஒருவர் காட்டியிருக்கிறார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுக்க வேண்டியிருந்தது. காகித நெகட்டிவ் காலம் அது. அத்தனை நீளத்தை எழுத்து தெரியும்படி ஒரே படத்தில் அடக்க வழியில்லை. அவர் காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று நம் கைப்பேசி 'பனோரமா' என்று ஒரு விசையில் செய்வதன் மூதாதை இது.

கிருஷ்ணனின் காமிரா

லென்ஸ் பற்றிய பேச்சில் தமிழர் மறக்கக்கூடாத ஒருவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த இயற்கையியலாளர். 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். யானைகளையும் பிற காட்டு விலங்குகளையும் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்தார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அவருடைய காமிரா எந்த விளம்பரத்திலும் வந்ததன்று. ஒரு நிறுவனத்தின் உடல், இன்னொரு நிறுவனத்தின் தொலை லென்ஸ், வேறு வேறு உதிரிகள் என்று அவரே கூட்டிச் சேர்த்தது. அதன் கனத்தைக் கேலி செய்வது போல 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டியிருந்தார்.

'அப்படியானால் கருவியே தேவையில்லை; கலைஞன் போதும்' என்று முடிவு கட்டுவதும் இன்னொரு மூடநம்பிக்கையே. யானையை நெருங்க முடியாது என்பதால்தான் அவருக்குத் தொலை லென்ஸ் வேண்டியிருந்தது. அவர் செய்தது, தேவையை முதலில் அறிந்து கருவியை அதற்கேற்ப அமைத்தது. யானை எப்போது எங்கே நீரருந்த வரும், காது மடல் எப்படி அசைந்தால் விலக வேண்டும் என்ற அறிவு முதலில். லென்ஸ் அதன் பின். இன்றைய மதிப்புரைகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன: லென்ஸை முதலில் வாங்கு, எதை எடுப்பது என்று பிறகு யோசி என்கின்றன.

நம் வீட்டு ஆல்பங்களும் சாட்சி சொல்லும். இந்தியாவில் தயாரான அக்ஃபா கிளிக்-3 என்னும் எளிய பெட்டிக் காமிராவில் இருந்தது ஒற்றைக் கண்ணாடி வில்லை. துளை சிறிதாதலால் கோளப் பிறழ்ச்சி அடங்கியிருந்தது. நெகட்டிவ் 6 செ.மீ. சதுரமாதலால் பெரிதாக்க வேண்டிய தேவை குறைவு. வெயிலில் நிற்க வைத்து எடுத்த தாத்தா பாட்டியின் முகம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. மலிவான கருவியின் எல்லையை அறிந்து வடிவமைத்தவரின் திறமை அது.

மூன்று கேள்விகள்

வாசகர்களே, அடுத்த முறை ஒரு லென்ஸின் புகழுரையைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். சொல்லப்படும் குணத்தை அளக்க முடியுமா? அளக்கலாம் என்றால், எந்தத் துளையில், எந்தத் தொலைவில், எந்த ஒளியில் அது தெரிகிறது? ஒரே காட்சியை ஒரே இடத்தில் நின்று இரு லென்ஸ்களால் எடுத்து, பெயரை மறைத்து வைத்தால், புகழ்ந்தவரால் அடையாளம் காட்ட முடியுமா?

மூன்றாவது கேள்வியை நீங்களே சோதனையாகச் செய்யலாம். நண்பர்களிடம் உள்ள பழையதும் புதியதுமான லென்ஸ்களை ஒன்று சேருங்கள். முக்காலியில் காமிராவைப் பொருத்தி, ஒரே சேலையை எஃப்/2.8-இலும் எஃப்/8-இலும் எடுங்கள். படங்களின் பின்புறம் எண் மட்டும் இட்டு, கலைத்து, பத்துப் பேரிடம் கொடுங்கள். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெறும் ஊகத்திலேயே பாதிப் பேர் சரியாகச் சொல்லக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இச்சோதனைக்குப் பிறகும் ஒரு பழைய லென்ஸ் உங்கள் மனத்தைக் கவர்ந்தால், தாராளமாக வாங்குங்கள். 1896-இன் கணக்கும் 1935-இன் பூச்சும் அடங்கிய ஒரு வரலாற்றைக் கையில் வைத்திருப்பது இன்பமே. தேவை இருந்து புதியதை வாங்கினாலும் தவறில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஒரு நாள் மட்டும் இருக்கும் காமிராவையே எடுத்துக்கொண்டு, சேலையைச் சன்னலோரம் விரித்து, ஒளி வரும் பக்கத்தை மாற்றியும் நிற்கும் இடத்தை மாற்றியும் இருபது படங்கள் எடுத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் எது குறைகிறதோ, அதை மட்டும் கடையில் கேளுங்கள்.